முத்தன் பேருக்கு உட்கார்ந்தவள்

மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டு முனியாயி சந்தை நாளில் யாரோடும் பேசமாட்டாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். செம்மேட்டுச் சந்தையிலிருந்து அவள் ஊருக்கு மூன்று மைல். எதிரே வருகிறவர்கள் உப்பு என்ன விலை, மழை அங்கே எப்படி என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நடையை எட்டிப் போடுவாள். "புருசன் ஜொரக் கம்பெனி ஆளாயிட்டான். இனி நம்மளோட பேசினா அவளுக்கு முத்து உதுந்து போயிருமாட்ட இருக்குது" என்று பெண்கள் சிரித்தார்கள்.

முத்து இல்லை. அவள் வலது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே மலைக்காய்ச்சலுக்குத் தருகிற ஒரு கொயினா மாத்திரை இருந்தது. சந்தையில் கம்பவுண்டர் தண்ணீர் கொடுத்து, விழுங்கச் சொல்லி, வாயைத் திறந்து காட்டச் சொல்லித்தான் அனுப்புவார். அவள் நாக்கால் அதைக் கன்னத்தில் ஒதுக்கிவிடுவாள். மூன்று மைல் தூரம் எச்சிலைக்கூட விழுங்காமல் நடப்பாள். எட்டிக்காயைத் தோற்கடிக்கிற கசப்பு. வீட்டுக்குள் நுழைந்ததும், பாதி கரைந்த மிச்சத்தைக் கையில் துப்பி, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் முத்தன் வாயில் போடுவாள்.

கட்டிய மனைவி புருஷனுக்கு மருந்தைக் கன்னத்தில் திருடிக்கொண்டு வரவேண்டிய நிலை ஏன் வந்தது என்றால், முத்தன் காய்ச்சலை ஒழிக்கிற சங்கத்தில் வேலை பார்த்தான். அதுதான் காரணம்.

பதினொரு தேசங்கள் சேர்ந்து நடத்திய சங்கம் அது. 'அகில உலக ஜுர நிவாரண சங்கம்' என்று செம்மேட்டில் பலகை தொங்கியது. மலைக்காரர்களுக்கு அது 'ஜொரக் கம்பெனி'. 1936-இல் மலைக்கு வந்தார்கள். தகரக் கூரை போட்ட ஆபீஸ் கட்டினார்கள். அதிலிருந்து முப்பது கஜம் தள்ளி, ஓடைக்கரையில் ஒரு கொட்டகை போட்டார்கள். பன்னிரண்டு மலைக்காரர்களை வேலைக்கு எடுத்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் கொட்டகைக்குப் போய், உடம்பெல்லாம் கம்பளியால் போர்த்திக்கொண்டு, ஒரு காலை மட்டும் முழங்கால்வரை திறந்து வைத்து உட்கார வேண்டும். கொசு வந்து காலில் உட்கார்ந்ததும் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துப் பிடித்துப் பஞ்சால் அடைக்க வேண்டும். விளக்கு வைத்து ஒரு நாழிகை ஆனதும் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் வேலை.

பிடிப்பதற்குள் எத்தனை கொசு கடித்துவிட்டுப் போகும் என்பதை யாரும் கேட்கவில்லை. அதோடு ஒரு விதி. சங்கம் மலை முழுவதும் கொயினா வழங்கியது. அந்தப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் கிடையாது. மருந்து தின்றால், மலைக்காரன் உடம்புக்கு இயற்கையில் காய்ச்சல் வருமா வராதா என்ற ஆராய்ச்சி கெட்டுப்போகும் என்றார் அப்போது தலைவராக இருந்த துரை. அவர் தினமும் காலையில் கொயினா சாப்பிட்டார், சாயங்காலம் கொசுவலைக்குள் உட்கார்ந்தார். அவர் உடம்பின் இயற்கையை ஆராய யாரும் வரவில்லை.

முத்தன் ஒன்பதாவது மாதத்தில் விழுந்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர். இடது விலாவுக்குக் கீழே கல்போல ஒரு கட்டி. முனியாயி சாமிக்குச் சேவல் நேர்ந்து விட்டாள். சேவல் போயிற்று, காய்ச்சல் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் சேவல்களை வீணாக்கவில்லை.

வேலையை விடமுடியாது, அந்தக் கூலியில்தான் வீடு ஓடியது. மலைக்காட்டில் சாமை அறுப்புக்கு ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால், அந்த வீட்டிலிருந்தோ பங்காளி வீட்டிலிருந்தோ இன்னொருவர் போய் அந்த இடத்தில் நிற்பார். மாற்றாள் என்பார்கள். பிறகு ஒருநாள் இவர் காட்டுக்கு அவர் வருவார். முத்தனுக்காக நிற்கிறவரை அன்று யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முத்தன் வந்தாச்சா என்றுதான் கேட்பார்கள். அவரும் வந்தாச்சு என்பார். இதில் ஏமாற்று இருப்பதாக அந்த மலையில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே கொட்டகைக்கும் கொண்டுபோனார்கள். முதலில் தம்பி அண்ணனுக்கு உட்கார்ந்தான். ஆண்கள் ஒவ்வொருவராக விழுந்ததும் பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். முனியாயி முத்தன் பேருக்கு உட்கார்ந்தாள். மொத்தத்தில் ஒன்றேகால் வருஷம் உட்கார்ந்தாள்.

பெயர் கூப்பிடுகிறவர் ரைட்டர் அர்த்தனாரி. சேந்தமங்கலத்துக்காரர், இங்கிலீஷ் படித்தவர். கொட்டகைக்கு இறங்கி வந்து முகம் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது உத்தரவு. அவர் ஆபீஸ் தாழ்வாரத்தில் வலைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தே கத்துவார்.

"முத்தன்."

"இருக்கேனுங்க."

பெண் குரல் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரியும். இறங்கிப்போய்ப் பார்த்தால் கொசு கடிக்கும். பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவார்.

இப்படியே இரண்டு வருஷம். பன்னிரண்டு பெயர், அத்தனை நாளும் கோடு. ஒருவன்கூட ஒருநாளும் விழவில்லை என்று புஸ்தகம் சொன்னது. துரை அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். மலைக்காரன் இரத்தத்தில் காய்ச்சலை எதிர்க்கும் சக்தி இருக்கிறது, அவனுக்குக் கொயினா தேவையில்லை என்று தலைமையிடத்துக்கு நீண்ட அறிக்கை எழுதினார். ஒரு ஜனத்தின் இரத்தத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் முப்பது கஜம் இறங்கி நடந்து அதன் முகத்தைப் பார்த்திருக்கலாம். அதைச் செய்யாமலே அவருக்குப் பதவி உயர்வு வந்தது. வேறு தேசத்துக்குப் போய்விட்டார்.

அவர் இடத்துக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார். பெயர் ப்ரூன். டென்மார்க் தேசம். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நாலு வருஷம் இருந்ததால் தமிழ் பேசுவார். புஸ்தகத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரி இருக்கும். டோலியில் வந்தவர் செங்குத்தான இடங்களில் எல்லாம் இறங்கி நடந்தார். "எங்க மேல எரக்கப்பட்டுன்னு நெனச்சம். அதெல்லாமில்ல, உருண்டு போயிருவம்னு பயம்" என்று டோலி தூக்கியவர்கள் சொன்னார்கள்.

வந்த பத்தாம் நாள் சந்தையில் தண்டோரா போட்டார்கள். மலை நாடுகளில் கொயினா வழங்குவது இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படும். மருந்து, அதிகம் தேவைப்படும் வேறு இடங்களுக்குப் போகும். அறிக்கையில் எழுதியிருந்ததை அந்த அம்மாள் நம்பிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. புஸ்தகம் அப்படி இருந்தது.

முனியாயி அன்று சந்தையிலிருந்து வரும்போது வாயில் மாத்திரையோடு அழுதாள். இன்னும் மூன்று சந்தைதான். அந்த அரை மாத்திரையில்தான் முத்தன் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

தண்டோரா போட்ட அதே வாரம் இன்னொரு உத்தரவும் வந்தது. தலைமையிடத்தில் பெரியவர்கள் மாறியிருக்கிறார்களாம். எல்லா நிலையங்களிலும் வேலைக்காரர்கள் தங்களுக்குள் இருவரைத் தேர்ந்தெடுத்து, புதிய தலைவரிடம் குறைகளைச் சொல்லலாமாம். கொட்டகைக்காரர்கள் முத்தனையும், முனியாயியின் தம்பி மாதனையும் தேர்ந்தெடுத்தார்கள். முத்தன் காய்ச்சலில் கிடந்தாலும் நிதானமானவன். மாதனுக்கு வாய் நீளம். இரண்டும் வேண்டும் என்று நினைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அர்த்தனாரி முதல்முறையாகக் கொட்டகைக்கு இறங்கி வந்தார், மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு.

"இந்தா பாருங்கப்பா. நாளைக்கு வாரவங்க கம்பளி கேளுங்க. பழைய கம்பளி கிழிஞ்சு போச்சு, புதுசு வேணும்னு கேளுங்க. கெடைக்கும். நான் சொல்லி வாங்கித் தாரேன்."

"கொயினாவப் பத்திக் கேக்கலாம்னு இருக்கறமுங்க" என்றான் மாதன்.

"கேப்ப. காய்ச்சல் வருதான்னு அந்தம்மா திருப்பிக் கேப்பாங்க. வருதும்ப. அப்பறம் எப்படி தெனமும் எல்லாரும் வேலைக்கு வந்ததா கோடு இருக்குதும்பாங்க. உன் பேருக்கு உன் பெரியம்மா வந்து உக்காந்ததைச் சொல்லுவியா? ஆள் மாறாட்டம்டா அது. நாமக்கல் கோர்ட்டு. ஆறு மாசம் ஜெயிலு."

"ஜெயில்ல கொசு இருக்குதுங்களா ரைட்டரே?"

"இருக்கும், ஏன்?"

"அப்ப எங்களையே கூப்பிடுவாங்க. பழக்கப்பட்ட ஆளு."

யாரும் சிரிக்கவில்லை. ஜெயில் என்ற சொல் கம்பளிக்குள் புகுந்த குளிர் மாதிரி எல்லோரையும் பிடித்துக்கொண்டது. கம்பளியே கேட்போம் என்று முடிவாயிற்று.

மறுநாள் விடியும்போது முத்தனுக்குப் பல் அடித்துக்கொண்டது. எழுந்து உட்காரக்கூட முடியவில்லை.

"இன்னிக்குப் போகோணுமே" என்றான்.

"நான் போறனுங்க."

"பெரிய ஆபீசு. என்ன சொல்லுவ?"

"கம்பளி கேக்கோணும்னாங்க. கம்பளி கேக்கறேன். நீங்க படுங்க சாமி."

கூட்டத்தில் பெண் போய்ப் பேசுகிற வழக்கம் அந்த நாட்டில் இல்லை. நாட்டுக் கூட்டங்களில் பெண்களின் யோசனையை ஆண்கள் இரவல் வாங்கிக்கொண்டுபோய்த் தங்கள் சொந்த யோசனையாகச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் மாற்றாள் போவது வேறு விஷயம். அதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

ஆபீசில் மேஜைக்குப் பின்னால் டாக்டரம்மாள் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, வெயிலில் சிவந்த மூக்கு. பக்கத்தில் அர்த்தனாரி நின்றார். மேஜைமேல் அந்தப் பெயர்ப் புஸ்தகம். மாதனும் முனியாயியும் தரையில் உட்காரப் போனார்கள். டாக்டரம்மாள் பெஞ்சைக் காட்டினார். பெஞ்சின் நுனியில், விழுந்துவிடாத அளவுக்கு மட்டும் உட்கார்ந்தார்கள்.

டாக்டரம்மாள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துப் பெயர் வாசித்தார்.

"மாதன்."

"இருக்கேனுங்க."

"முத்தன்."

"இருக்கேனுங்க" என்றாள் முனியாயி.

அவள் யோசித்துச் சொல்லவில்லை. ஒன்றேகால் வருஷமாகச் சாயங்காலம்தோறும் சொன்ன வார்த்தை. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்து சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் மாதன் கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டரம்மாள் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"முத்தன் ஆணின் பெயர் அல்லவா?"

"அவ அவன் பொண்டாட்டிங்க" என்று அர்த்தனாரி முந்திக்கொண்டார். "மலைச்சனங்க, ஒண்ணும் தெரியாது. கம்பளி கேக்க வந்திருக்காங்க."

"நான் இந்தப் பெண்ணைக் கேட்டேன். அம்மா, முத்தன் எங்கே?"

முனியாயி அர்த்தனாரியின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணால் கம்பளி, கம்பளி என்றார். இரண்டு வார்த்தை சொன்னால் போதும். கம்பளி வரும், யாருக்கும் ஜெயில் இல்லை. கம்பளியைக் கொண்டுபோய் முத்தன்மேல் போர்த்தலாம். மாதம் முடிந்ததும் அதே கம்பளியில் சுற்றி எடுத்துப்போகலாம். அந்தக் கடைசி நினைப்பு வந்தவுடன் அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

"காய்ச்சலுங்க. ஊட்ல கெடக்கறாரு."

"எத்தனை நாளாக?"

"ஒண்ணேகால் வருசமுங்க."

டாக்டரம்மாள் புஸ்தகத்தைப் புரட்டினார். முத்தன் பெயருக்கு நேரே கோடு, கோடு, கோடு. நேற்றுச் சாயங்காலமும் கோடு.

"அப்படியென்றால் இங்கே உட்கார்ந்தது யார்?"

"நாந்தானுங்க."

அர்த்தனாரி இங்கிலீஷில் ஏதோ படபடவென்று பேசினார். டாக்டரம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவன் பெயருக்கு?" என்று மாதனைக் காட்டினார்.

மாதன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நாலு மாசம் நானுங்க. அப்பறம் எனக்கும் வந்திருச்சு. பெரியம்மா உக்காந்தாங்க. அவங்களுக்கு வந்ததும் மறுக்காவும் நானுங்க. ஜெயிலுக்குன்னா எங்க ரெண்டு பேரையும் போடுங்க, பெரியம்மாளை விட்ருங்க. அவங்களுக்குக் கண்ணுந் தெரியாது."

டாக்டரம்மாளுக்கு முகம் சிவந்தது. இரக்கம் இல்லை, கோபம். புஸ்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"இரண்டு வருட ஆராய்ச்சி. எல்லாம் பொய். இதை நம்பி மருந்தை நிறுத்தச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் ஏன் சொல்லவில்லை?"

முனியாயிக்கு அந்தக் கோபம் நியாயமாகப் படவில்லை. பெஞ்சின் நுனியிலிருந்து எழுந்து நின்றாள்.

"நீங்க கேட்டது காலைத்தானுங்க. தெனமும் பன்னண்டு காலு வந்துச்சு. யாரு காலுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்க. இன்னிக்குத்தான் கேட்டீங்க, சொல்லிட்டேன்."

டாக்டரம்மாள் அர்த்தனாரி பக்கம் திரும்பி, பெயர் கூப்பிடும்போது எங்கே நின்றீர்கள் என்று கேட்டார். தாழ்வாரத்தில் நாற்காலியும் வலையும் அப்படியே இருந்தன.

"போனது போகட்டும்" என்றார் டாக்டரம்மாள் கடைசியில், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. "உண்மையில் யார் யார், எந்த எந்த நாள் உட்கார்ந்தார்கள் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. எதை வைத்து நான் தலைமையிடத்துக்கு எழுதுவேன்? சும்மா எழுதினால் நம்பமாட்டார்கள்."

"அதெப்படிங்க சொல்ல முடியாது?" என்றாள் முனியாயி. அவளுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "மாத்தாள் போனது யாருக்கு மறக்கும்? மாரிக்கு அவந் தம்பி உக்காந்தான், சாமை அறுப்புல பத்து நாளு. அதுக்கு மாரி பொண்டாட்டி வந்து அவங் காட்டுல களையெடுத்தா. நான் இவருக்கு உக்காந்த நாள்ல எங் கொல்லைக்கு யாரு யாரு வந்தாங்கன்னு கேளுங்க, சொல்றேன். பலாப்பழம் அறுக்கறப்ப யாரு விழுந்தா, கேவுரு நடறப்ப யாரு விழுந்தா, எல்லாருக்கும் தெரியுமுங்க."

மூன்று நாள் ஆயிற்று. பன்னிரண்டு வீட்டாரும் வந்தார்கள். ஒருவர் சொல்ல, இன்னொருவர் இல்லையென்று திருத்த, மூன்றாமவர் இருவரையும் மடக்க, டாக்டரம்மாள் எழுதிக்கொண்டே இருந்தார். எந்த நாளுக்கு யார் என்பதில் சண்டை வந்தால், அதற்கு ஈடாக யார் காட்டில் யார் வேலை செய்தார் என்று பார்த்தால் தீர்ந்துவிடும். இரண்டு வருஷம் மையால் எழுதிய புஸ்தகம் பொய். எழுத்தே தெரியாத ஜனங்கள் தலைக்குள் வைத்திருந்த புஸ்தகத்தில் ஒருநாள்கூடத் தப்பவில்லை. படித்தவர்கள்தான் இதை யோசிக்க வேண்டும்.

முடிவில் கணக்கு இதுதான்: பன்னிரண்டு பேரும் விழுந்திருந்தார்கள். மாற்றாளாக வந்தவர்களில் பதினாறு பேரும்.

டாக்டரம்மாள் தலைமையிடத்துக்கு எழுதிய கடிதத்தில் தன் கையெழுத்தும் தப்பு என்று ஒப்புக்கொண்டு எழுதினார். பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. கொயினா நிறுத்தம் ரத்து என்று மறுபடி தண்டோரா போட்டார். கொட்டகைக்காரர்களுக்கும் மாற்றாட்களுக்கும் முழு மருந்து. அது ஒழுங்காக ஒரு சுற்று முடியும்வரை கொட்டகைக்கு விடுமுறை. பழைய விதி எழுதிய அட்டையைத் தன் கையாலேயே கிழித்தார். ஆள் மாறாட்டம், கோர்ட்டு என்ற பேச்சே எழவில்லை. அர்த்தனாரியை வேலையிலிருந்து நீக்கவும் இல்லை. கொட்டகை மறுபடி தொடங்கும்போது அவர் உள்ளே வந்து, விளக்கைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் பெயர் குறிக்க வேண்டும் என்று சொன்னார். ரைட்டருக்கும் கொயினா உண்டு.

"பயப்படாதீங்க ரைட்டரே" என்றான் மாதன். "ஒருநாள் முடியாட்டிச் சொல்லுங்க. நான் மாத்தாள் வாரேன்."

மூன்றாம் நாள் மத்தியானம் முனியாயி ஆபீசிலிருந்து கிளம்பினாள். முத்தனுக்கு இருபத்தெட்டு மாத்திரை, அவளுக்குப் பதினாலு. இரண்டு பொட்டலமாகக் கட்டி, முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகியிருந்தாள். எப்போது எத்தனை என்று டாக்டரம்மாள் மூன்று தரம் சொல்லி, மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். புதுக் கம்பளியும் தோளில் இருந்தது. கேட்காமலே கொடுத்தார்கள்.

பாதித் தூரத்தில் எதிரே இரண்டு பெண்கள் விறகுக் கட்டோடு வந்தார்கள். ஒருத்தி வழக்கம்போலக் கேட்டாள், பதிலை எதிர்பார்க்காமல்தான்: "என்ன முனியாயி, ஆபீசுக்குப் போயிட்டு வாறயாட்ட."

தலையை ஆட்டப் போனவள் நின்றாள். வாய் காலியாக இருந்தது. கசப்பில்லை, கன்னத்தில் ஒன்றுமில்லை.

"ஆமாக்கா" என்றாள். "எறக்கி வை கட்ட. சொல்றேன்."

விறகுக் கட்டு இறங்கியது. அவள் சொல்ல ஆரம்பித்தாள். அடுத்து வந்தவர்களிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மூன்று மைல் நடக்க அன்று அவளுக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் ஒரு வருஷத்துக் கேள்விகளுக்குப் பதில் பாக்கி இருந்தது, உப்பு விலை உட்பட.

வீட்டு வாசலிலேயே முத்தன் கேட்டான்: "தொண்ட கட்டிப் போச்சே. அழுதியா?"

"இல்லீங்க. பேசினேன்" என்றாள், பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டே. "வாயத் தொறங்க. முழுசு."